மூன்று நாள் தாமதமான லில்லி

சிதம்பரத்தில் ஒரு வாய்க்கால் கரையிலிருந்து ரீட்டா பிடுங்கி வந்து, கடலூர் வீட்டு வாசலில் நட்ட காட்டு லில்லி அது. சுனாமி அவளையும் வீட்டையும் கொண்டுபோன பிறகு, வெங்காயம் போன்ற அதன் கிழங்குகள் மட்டும் மண்ணுக்குள் மிஞ்சின. அவள் கணவர் லூர்துநாதன் அவற்றை அவள் கல்லறை மேல் நட்டார். ஐப்பசி மழைக்கு மஞ்சளாய்ப் பூக்கும். மூன்று வருடமாக ஒரு பூவும் அவர் கண்ணில் படவில்லை. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் ரீட்டாவின் தம்பி சார்லஸ் மண்வெட்டியோடு வந்து, புல்லென்று நினைத்து இலையைச் சுத்தமாகச் செதுக்கிவிடுவான்.

2008இல் லூர்துநாதன் மண்வெட்டிக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

“எழுந்திரு மாமா. எல்லா கல்லறையும் பளிச்சுனு இருக்கு. அக்கா மட்டும் புதருக்குள்ள கெடக்கணுமா?”

“புல்லு இல்ல மச்சான், லில்லி. நாளைக்குப் பூத்துரும்.”

சார்லஸ் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

மறுநாள் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தபோது வெறும் இலைதான் இருந்தது. சனம் லூர்துநாதனை ஒரு மாதிரிப் பார்த்தது. மூன்று நாள் கழித்து, கல்லறைத் தோட்டத்தில் யாருமே இல்லாத காலையில், ஏழு பூக்கள் விரிந்திருந்தன. அவர் சார்லஸுக்கு போன் போட்டார்.

வந்தவன் குனிந்து பூக்களை ஒவ்வொன்றாக எண்ணினான்.

“அக்கா என்னிக்கு மாமா பூசைக்கு நேரத்துக்கு வந்திருக்கு?” என்றான்.