நடு ஸ்பீக்கர்

திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருடம் மின்சாரப் பகுதியில் வேலை பார்த்தவன் நான். கிரேனுக்கே கரண்ட் கொடுத்தவனுக்கு வீட்டுப் பாட்டுப்பெட்டி எம்மாத்திரம்? பென்சன் எடுத்த கையோடு பாலையூற்று வீட்டு ஹோலில் என் கைவரிசையைக் காட்டினேன். லிங்கநகரில் ஒருவர் விற்ற இரண்டு ஸ்பீக்கர், சீனன்குடாவில் கிடைத்த, அடித்தொனியை முழக்கும் பழைய சப்வூபர், கணினிக்குள் பூட்டக் கொழும்பிலிருந்து தபாலில் ஒரு சவுண்ட் கார்ட். மூன்றுக்கும் பொருத்தம் பார்த்தது நான் ஒருவனே.

முதல் நாள் படம் போட்டேன். குண்டு வெடித்தபோது அலுமாரிக்குள் கிளாஸெல்லாம் கிடுகிடுத்தது. எனக்குப் புளகாங்கிதம். பக்கத்துக் கதிரையில் என் மனைவி மாகிரட் முகத்தைச் சுளித்தாள்.

"என்ன கதைக்கினம் எண்டு ஒண்டும் விளங்கேல்லையப்பா."

"உமக்குக் காது மந்தம். வயசு போகுதெல்லோ."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. படத்தில் ஆட்கள் சிரித்தபோது நானும் சிரித்து வைத்தேன். என் பெட்டியில் பிழை என்று நானே சொல்வதா?

அதோடு விட்டேனா? மாதா கோயில் வாசலில் கண்டவர் நின்றவரிடமெல்லாம் "மாகிரட்டுக்குக் காது கொஞ்சம் குறைவு" என்று அனுதாபத்தோடு பரப்பினேன். பாடகர் குழுவை நடத்தும் நிரோஷினியிடமும் சொன்னேன். அடுத்த ஞாயிறு மாகிரட் பாடப் போகவில்லை.

"சுருதி விலகினா எனக்கே தெரியாது. சனத்துக்கு முன்னால வெக்கம்" என்றாள்.

இருபத்தாறு வருடம் பாடியவள். குசினியில் சமைக்கும்போதும் பாட்டு நின்றுபோனது. நான் களவாகச் சீனிப் போத்தலைத் திறந்தால் மட்டும் ஹோலிலிருந்து அதட்டுவாள். அந்தக் காதையா மந்தம் என்றேன் என்று ஒருநாளாவது யோசித்தேனா? இல்லை. வீடு வெறிச்சென்று இருந்ததற்கு நான் கண்ட மருந்து, சப்வூபரை இன்னும் கூட்டியதுதான்.

நாலு மாதம் கழித்து, அதைவிடப் பெரிய சப்வூபர் வாங்கும் யோசனையில், டவுனில் எலக்ட்ரோனிக்ஸ் கடை வைத்திருக்கும் சரீப்பை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் கணினியில் எதையோ திறந்து பார்த்தார்.

"சேர், நடு ஸ்பீக்கர் எங்க?"

"அது இல்லை. ரெண்டுதான்."

"கார்டில அஞ்சு ஸ்பீக்கர் எண்டு போட்டிருக்கீங்க. பேச்செல்லாம் அந்த இல்லாத நடு ஸ்பீக்கருக்குப் போகுது. யாருக்குக் கேக்கும்?"

அஞ்சு என்றால் பெருமையாக இருக்குமென்று போட்டது நான்தான். அவர் இரண்டு என்று மாற்றினார். படம் பளிச்சென்று பேசியது. வாசலில் தேத்தண்ணித் தட்டோடு மாகிரட் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பாட்டை நிறுத்தியது நான் என்பது அதைவிட நெஞ்சைச் சுட்டது.

அவள் சத்தம் போடவில்லை. "நிரோஷினியிட்ட நீங்களே வந்து சொல்லுங்கோ" என்றாள்.

ஞாயிறு பூசை தொடங்க முதல் போனோம். பாடகர் குழு முழுவதும் நிரோஷினியைச் சுற்றி நின்றது. நான் தொண்டையைச் செருமினேன்.

"மாகிரட்டின்ர காதில பிழையில்லை. நான்தான் பிழையாச் சொன்னனான்."

குரல் மெல்லத்தான் வந்தது. எனக்குப் பின்னால், பாட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்தபடி மாகிரட் சொன்னாள்:

"சத்தமாச் சொல்லுங்கோ. எனக்குக் கேக்கேல்லை."