உட்கார்ந்திருந்த நீரூற்று

"அப்பா, மாமாவோட பவுண்டன் நின்னுக்கிட்டிருக்கு. உங்க பவுண்டன் மட்டும் ஏன் உக்காந்திருக்கு?"

பெரிய ஃபிட்டரின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் புறாக்களைத் துரத்தப் போய்விட்டாள். கேள்வி மட்டும் அவரிடமே தங்கிவிட்டது.

நகரப் பூங்காக்களில் இருக்கும் நீரூற்றுகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. மணிக்கூண்டுப் பூங்கா அவர் பொறுப்பு. இரண்டு தெரு தள்ளி இருந்த நூலகப் பூங்கா அவர் மனைவியின் தம்பி பொறுப்பு. அலுவலகத்தில் சொல்லி அந்த மச்சானுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அதனால் எல்லோரும் இவரைப் பெரிய ஃபிட்டர் என்றும் அவனைச் சின்ன ஃபிட்டர் என்றும் கூப்பிட்டார்கள். நீரூற்றுகளைப் பார்த்தால் மட்டும் பெயரை மாற்றி வைத்துவிட்டார்களோ என்று தோன்றும். மச்சானுடையது பக்கத்து மரத்தின் உச்சிக்கிளையை எட்டிப் பிடிக்கும். இவருடையது ஓர் ஆள் உயரம் எழும்பி, அலுத்துப்போய் விழும்.

இத்தனைக்கும் இரண்டு பூங்காவிலும் ஒரே கம்பெனி பம்பு, ஒரே குதிரைத்திறன். இவருடையதுதான் புதிது. தன் கையாலேயே மாட்டியது.

எதைத்தான் அவர் செய்து பார்க்கவில்லை! தண்ணீர் பீறிடும் பித்தளை முனைகளைக் கழற்றி, உப்புப் படிவம் கரைய வினிகரில் ஊறவைத்தார். வடிகட்டியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். குழாயில் எங்கேயாவது கசிகிறதா என்று மண்டியிட்டுத் தடவிப் பார்த்தார். நீரூற்று மசியவில்லை. அவருக்கு வயிறு எரிந்தது. தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது, சுற்றுவழிதான் என்றாலும், மச்சானின் பூங்காவுக்குள் புகுந்து போவார். ராத்திரியோடு ராத்திரியாக அது ஒரு சாண் குறைந்திருக்காதா என்று ஒரு நப்பாசை. சாமி கும்பிடும்போது "எல்லாரையும் நல்லா வை" என்பார். அந்த எல்லாரில் மச்சானின் முகம் வந்ததும் சட்டென்று கண்ணைத் திறந்துவிடுவார்.

"என் தம்பி உங்களுக்கு என்னங்க பண்ணான்? அவன் வாசல்ல கால வெச்சாலே பல்வலிக்காரன் மாதிரி உக்காந்துக்கறீங்க" என்பாள் மனைவி.

"பேப்பர் படிக்கிறேன், தெரியல?"

"அது நேத்துப் பேப்பர்."

இரண்டு வருஷம் இப்படியே போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் சுவிட்சைப் போட்டார். நீரூற்று எழுந்து நின்றது. மணிக்கூண்டின் முள்ளைத் தொடுகிற உயரம்! நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள். போன வாரம் முனைகளை மறுபடியும் ஊறவைத்தோமே, அதன் பலன் என்று அவர் நினைத்தார். அப்படியே எல்லோரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். அந்த வாரம் அவர் கால் தரையில் பாவவில்லை.

நேரமும் கூடி வந்தது. மூன்று மாதத்தில் தலைமை ஃபிட்டர் பதவி காலியானது. வருகிற சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பொறியாளர் வந்து இரண்டு நீரூற்றுகளையும் பார்ப்பார், இருவரில் ஒருவருக்கு அந்த வேலை என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பம்பு அறையில் மோட்டாரின் சுவிட்சுப் பெட்டியைத் தூசி தட்டத் திறந்தார். அப்போதுதான் பார்த்தார். மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் இரண்டு இடம் மாறியிருந்தன. அவர் மாட்டியது அப்படி இல்லை. மாற்றிய இடத்தில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பின் நுனி, நாய்க்குட்டியின் காது போல மடித்து விடப்பட்டிருந்தது. அடுத்து வருகிறவன் நகத்தால் கீறிக்கொண்டிருக்கக் கூடாதே என்று அப்படி மடித்துவிடுகிற ஆள் அந்த இலாகாவிலேயே ஒருவன்தான்.

அவருக்குக் காது சுட்டது. கம்பி இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அப்போதும் தண்ணீர் வரும். பாதி பலத்தோடு வரும். முதல் நாளே அவர் தப்பாக மாட்டியிருக்கிறார். இரண்டு வருஷம் மோட்டாரைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டுவிட்டு முனைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த பெரிய ஃபிட்டர்!

வெளியே வந்து, பம்பு அறைக்குள் யார் வந்தது என்று காவலாளியிடம் கேட்டார்.

"உங்க மச்சான் மூணு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வந்தாருங்க. ஸ்பேனர மறந்து வெச்சிட்டேன்னு சாவி கேட்டாரு. ஏன், எதாவது காணோமா?"

"ஒண்ணும் இல்ல" என்றார்.

மச்சான் அலுவலகத்தில் ஒரு வார்த்தை விட்டிருந்தால் போதும், ஆயுசுக்கும் சிரித்திருப்பார்கள். அக்காவிடம்கூட அவன் மூச்சு விடவில்லை. நியாயமாக நன்றிதான் வந்திருக்க வேண்டும். வந்ததோ பழைய எரிச்சல்தான், இரண்டு மடங்காக. வேலையிலும் ஜெயிக்கிறான், நல்லவனாகவும் ஜெயிக்கிறானே! கெடுதல் செய்தவனை மன்னித்துவிடுகிற மனசுகூட, நல்லது செய்தவனை மன்னிக்கச் சில நாள் அடம்பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மச்சான் வந்தான், தோளில் இவர் மகளின் சைக்கிள். பின்னாலேயே மகள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"செயின் அந்துபோச்சு அத்தான். என் பார்க் வாசல்ல நின்னு ஓன்னு அழுதுக்கிட்டிருந்தா."

"நான் ஒண்ணும் ஓன்னு அழல!" என்றாள் மகள்.

"சரி, மெதுவா அழுதா."

"நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். நீ என்னடான்னா சைக்கிளைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போறே" என்றார் அவர்.

"தொட்டி கழுவி முடிச்சாச்சு அத்தான். வேற என்ன வேலை?"

"உனக்கென்னப்பா. உன் பவுண்டன் பொறக்கும்போதே நின்னுக்கிட்டுப் பொறந்தது."

"உங்களதும்தான் எந்திரிச்சிடுச்சே!" என்று சிரித்தான் மச்சான். அந்தச் சிரிப்பில் ஊசி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று அவர் தேடிப் பார்த்தார். இல்லை. கம்பியைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, தன் நீரூற்றின் முனைகளைப் பளபளவென்று துலக்கப் பாலிஷ் டப்பாவும் துணியுமாகக் கிளம்பினார். கால் பழக்கப்படி சுற்றுவழியில் நூலகப் பூங்காவுக்குப் போனது.

தொட்டியில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது.

அவருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தொட்டியைக் கழுவும்போது புதுத்தண்ணீர் வராமல் இருக்க, ஓரத்துக் குழியில் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் மிதவையைக் கம்பியால் தூக்கிக் கட்டுவார்கள். கழுவி முடித்ததும் கம்பியை அவிழ்த்தால் ராத்திரிக்குள் தொட்டி நிறைந்துவிடும். மச்சான் அவிழ்க்க மறந்துவிட்டான். எட்டு மணிக்கு இங்கே டைமர் மோட்டாரைத் தானாக ஓடவிடும். பம்பு காற்றை உறிஞ்சி இருமும். மச்சான் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குப் பொறியாளரோடுதான் இங்கே வருவான்.

பார்க்காதது போல நடந்துவிட்டால் போதும். கை வைக்க வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம். தலைமை ஃபிட்டர் வேலை தானாக வீடு தேடி வரும். அவர் நடக்கவும் செய்தார். வாசல் வரை போனார்.

வாசல் தரையில் கிரீஸ் கறை ஒன்று இருந்தது, சைக்கிள் செயின் விழுந்து கிடந்த அடையாளம். எந்தப் பிள்ளை அழுததால் அந்தக் கம்பி அவிழ்க்கப்படாமல் போனது என்று அது அவரிடம் சொன்னது.

"கடவுளே, என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று முணுமுணுத்தபடி திரும்பினார்.

எல்லாப் பூங்காவிலும் குழி மூடிக்கு ஒரே சாவிதான், அது அவரிடமும் இருந்தது. மூடியைத் தூக்கி, முழங்கை வரை கையை விட்டுக் கம்பியின் முறுக்கை அவிழ்த்தார். மிதவை பொத்தென்று விழுந்தது. தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. தொட்டி நிறைவதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, மிதவை சிக்கிக்கொண்டால்? பாலிஷ் டப்பாவைத் திறக்காமலே பக்கத்தில் வைத்துக்கொண்டு திண்டில் உட்கார்ந்தார். தண்ணீர் தொட்டிச் சுவரின் ஓடுகளில் ஒவ்வொன்றாக ஏறி, நிறைந்ததற்கு அடையாளமான நீலக் கோடு வரை வந்தது. மணி எட்டாகப் பத்து நிமிஷம் இருந்தது. தோட்டக்காரர்கள்கூட இன்னும் வரவில்லை.

கம்பியைச் சுருட்டினார். கையைக் குத்தாதபடி அதன் கூர்நுனியை உள்பக்கமாக மடித்துக் குழிக்குள் இருந்த ஆணியில் மாட்டினார். மூடியை மூடியபோது அதன்மேல் அவருடைய ஈரக்கை அச்சு ஐந்து விரலோடும் பதிந்துவிட்டது. பாலிஷ் துணியால் அதைத் துடைத்துவிட்டுப் பக்கவாசல் வழியாக வெளியேறினார்.