கயிறு பிடித்த ராஜா

ஃபைபரில் செய்த கால்விலங்கு மிதந்தது. முதல் நாள் ஒத்திகையில் ரெனிஷ் கடலில் குதித்ததும், அது அவன் காலைத் தூக்கிக்கொண்டு பிளாஸ்டிக் வாளி போல மேலே வந்துவிட்டது. படக்குழு மொத்தமும் சிரித்தது. ரெனிஷும் தலைகீழாகத் தொங்கியபடியே சிரித்தான். மறுநாள் காலை கலை இயக்குநரின் உதவியாளர் தூத்துக்குடிக்குள் போய், பழைய இரும்புக் கடையிலிருந்து நிஜச் சங்கிலி ஒன்றை வாங்கி வந்தார். இரண்டு முழம் இருக்கும். ரெனிஷின் கணுக்காலில் வளையத்தைப் பூட்டி, போல்ட்டை ஸ்பேனரால் முறுக்கினார். அவன் மனைவி டெல்பின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 

“இது எதுக்கு?” என்று அபிலாஷிடம் கேட்டாள்.

அபிலாஷ் உதவி இயக்குநர். தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்காரன். அம்மா டீச்சர். ஊர்ப் பேச்சு தெரிந்தவன் என்பதால் கடற்கரை ஆட்களிடம் எதைச் சொல்வதாக இருந்தாலும் அவனைத்தான் அனுப்புவார்கள்.

“முத்துக் குளிக்கிறவங்கல்லாம் ராஜாவோட அடிமைங்கக்கா. கதையில அப்படி.”

“எங்க ஆளுக யாரும் அடிமையா குளிச்சதில்ல தம்பி. எங்க தாத்தாமாரு காலத்துல குளிக்கப் போறதுக்குப் பங்கு பேசித்தான் கடல்ல எறங்குவாங்களாம்.”

“எனக்குத் தெரியும்க்கா. நானும் சார்கிட்ட சொல்லிப் பாத்தேன். ராஜா காலத்துப் படம்னா ஏழைங்க கால்ல சங்கிலி இருந்தாத்தான் ஜனங்க நம்புவாங்கங்காரு.”

ரெனிஷ் காலை உதறிப் பார்த்தான். சங்கிலி கலகலத்தது. “நல்லாத்தான் இருக்கு. கொலுசு மாதிரி,” என்றான். அவன் முகமெல்லாம் கரி மை. நெருக்கத்தில் எடுக்கும் காட்சிகளில் அந்த அடிமையாக நடிப்பவன் மும்பையிலிருந்து வந்த பையன். தண்ணீருக்குள் போகிற வேலை மட்டும் ரெனிஷுக்கு. “அவன் வெளுப்பா இருக்கான்னு என் நெறத்துக்குக் கொண்டாரதுக்கு அவனுக்கு மை பூசுனானுவ. பெறவு பாத்தா நான் அவனை விட வெளுப்பா இருக்கேன்னு எனக்கும் பூசுதானுவ. எங்க போய்ச் சொல்ல?”

அவன் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவன். அதுதான் டெல்பினுக்குப் பயம். சின்ன வயதில் கோயில் திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கேட்டு மூன்று வருஷம் அலைந்தவன். மூன்று வருஷமும் ஈட்டியைக் கையில் கொடுத்து ஓரத்தில் நிறுத்தினார்கள். ராஜா வேஷம் எப்போதும் சிவப்பாக இருக்கிற பையனுக்குத்தான். அந்த ஆசை மிச்சமிருந்ததால்தான், சினிமாக்காரர்கள் மூச்சடக்கிக் குளிக்கத் தெரிந்த ஆள் தேடி வந்தபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கினான். இப்போது சங்கு குளிக்கப் போகிறவர்கள் எல்லாம் கம்ப்ரசர் வைத்துக் குழாயில் மூச்சு வாங்குகிறவர்கள். வெறும் மூச்சில் இறங்குகிறவன் அந்தத் தெருவில் ரெனிஷ் ஒருவன்தான்.

அவன் இறங்கினால் கயிறு பிடிப்பது டெல்பின். முன்பு அவள் தம்பி ஷாம் பிடித்தான். குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். தன் அக்காளோ தங்கையோ தாலியறுப்பதை எந்த மச்சானும் விரும்ப மாட்டான் என்கிற கணக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஷாம் குவைத்துக்குப் போனான். வேறு யாரிடமும் கயிற்றைக் கொடுக்க ரெனிஷுக்கு மனசு வரவில்லை. “தாலியறுக்கப் போறவளே பிடிச்சிட்டுப் போறா. அதை விடக் காவல் என்ன இருக்கு?” என்று அவளையே வள்ளத்தில் ஏற்றினான். கரையில் இருந்த ஆண்கள் ஒரு மாதம் கேலி பேசினார்கள். பொம்பளை ஏறின வள்ளம் விளங்காது என்றார்கள். அப்புறம் பேச்சு ஓய்ந்துவிட்டது. அவள் கையில் கடிகாரம் கிடையாது. அவன் தலை தண்ணீருக்குள் போனதும் மாதாவை வேண்டி அருள் நிறை மந்திரம் சொல்லத் தொடங்குவாள். ஒரு மந்திரத்துக்குப் பத்து வினாடி. ஏழு, எட்டு மந்திரத்தில் அவன் மேலே வந்துவிடுவான். ஒரே ஒரு முறை பத்து வரை போயிருக்கிறது. அன்றைக்கு வந்ததும் வாந்தி எடுத்தான்.

முதல் நாளே அவள் இயக்குநரிடம், கயிறு நான்தான் பிடிப்பேன் என்று சொல்லிப் பார்த்தாள். இயக்குநர் மரியாதையான மனிதர். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் பேசினார்.

“நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா அந்தக் காலத்துல லேடீஸ் படகுல ஏறி கயிறு பிடிச்சாங்கன்னு காட்டினா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அவங்க கரையில நின்னு அழுவாங்க. அந்த அழுகையைப் பார்த்துத்தான் ராஜா மனசு இளகி, கிரீடத்தைக் கழற்றி வெச்சிட்டு, தானே படகுல போய்க் கயிற்றைப் பிடிக்கிறார். படத்தோட உயிரே அந்த சீன்தான்.”

“அழுதா கயிறு பிடிக்க முடியாதுங்க சார். நான் ஆறு வருஷத்துல ஒரு நாளு அழுததில்ல.”

அவர் சிரித்தார். “நல்ல டயலாக்,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு அவளையும் அழுகிற பெண்களின் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பன்னிரண்டு பெண்கள். எல்லாரும் பக்கத்துத் தெருக்காரர்கள். புதுச் சேலைகளைப் பிளேடால் கிழித்து, தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கட்டக் கொடுத்திருந்தார்கள். தலையை விரித்துப் போட்டு, மண்ணை அள்ளி எறிந்து, மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். காலையிலிருந்து ஐந்து முறை எடுத்தாகிவிட்டது.

“ஏளா டெல்பினு, எங்க வீட்டுக்காரரு செத்தன்னைக்கே நான் இம்புட்டு அழலளா,” என்றாள் மீன் விற்கும் இன்பமணி. “அன்னைக்குப் பொணத்தைக் குளிப்பாட்டணும், வாரவங்களுக்குக் காப்பி போடணும், எனக்கு எங்கன நேரம்? இவனுவ என்னடான்னா, இன்னும் சத்தமா, இன்னும் சத்தமாங்கானுவ. தொண்டை கட்டிப் போச்சு. நாளைக்கு நான் மீனு கூவ வேண்டாமா?”

பெண்கள் சிரித்தார்கள். டெல்பின் சிரிக்கவில்லை. அவள் கண் கூப்பிடு தூரத்தில் நின்ற வள்ளத்தின் மேல் இருந்தது. அதன் முனையில் அட்டையில் செய்த சிங்கத் தலை ஒன்றை ஒட்டியிருந்தார்கள். பின்னால் துறைமுகத்துக் கிரேன்களும் அனல் மின் நிலையத்துப் புகைக்கூண்டுகளும் தெரிந்தன. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்களாம்.

வள்ளத்துக்குப் போகும் முன் ரெனிஷ் அவளிடம் வந்தான். சங்கிலியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு விந்தி விந்தி வந்தான்.

“நாலு பாகம், நாலாள் ஆழம்தானளா. நம்ம குசினிக்குள்ள போயிட்டு வார மாதிரி.”

“கீழ கல்லுப் பாரு கெடக்கு. பாறை இடுக்கெல்லாம் இருக்கும். சங்கிலி மாட்டுச்சுன்னா?”

“குனிஞ்சு எடுத்துவிட்டுட்டு வாரேன்.”

“கயிறு பிடிக்கப் போற அந்த ராஜா வேசக்காரருக்குச் சொன்னீங்களா?”

“சொல்லாம இருப்பனா? ரெண்டு தடவ சுண்டுனா தூக்குங்க சார்னு சொல்லிட்டேன். தங்கமான மனுசன்ளா. டூப்பு வேண்டாம், நானே பிடிக்கேன்னு நிக்காரு. என்னை அண்ணேன்னு கூப்பிடுதாரு.”

அவன் போன பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. இரண்டு சுண்டல் தூக்கச் சொல்வது. ஒரு சுண்டல் கயிற்றை இளக்கச் சொல்வது. கீழே எங்காவது மாட்டினால், குனிய வேண்டுமானால், அந்த ஒரு சுண்டல்தான். அதை அவன் சொன்னானா? அந்தக் கரையில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

அபிலாஷைத் தேடி ஓடினாள். அவன் கையில் வாக்கி டாக்கியோடு குடையின் கீழ் நின்றான். அவள் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினான். “ஷாட் முடியட்டும்க்கா, கண்டிப்பா சொல்லுதேன்,” என்றான். அதற்குள் ஒலிபெருக்கி கத்தியது. காவலுக்கு நீச்சல்காரர்கள் இருவர் இருந்த ஃபைபர் படகு காமிராவுக்குள் தெரிகிறது என்று அதைத் தூரத்துக்கு நகர்த்தினார்கள். அது இன்னும் தெரிந்தது. இன்னும் நகர்த்தினார்கள்.

வள்ளத்தில் ராஜா எழுந்து நின்றார். வெயிலில் மார்க்கவசம் மின்னியது. ரெனிஷ் இடுப்புக் கயிற்றைச் சரிபார்த்து, ஆழத்துக்கு இறக்கும் கல்லில் ஒரு காலை வைத்து, கரையைப் பார்த்து ஒரு முறை கையைத் தூக்கிவிட்டு இறங்கினான். தலை மறைந்தது. டெல்பினின் உதடு தானாக அசையத் தொடங்கியது.

“அழுங்க! அழுங்க!” என்று ஒலிபெருக்கி சொன்னது. பதினொரு பெண்களும் ஓவென்று எழுந்தார்கள்.

இரண்டாவது மந்திரத்தில் ராஜா கயிற்றை வீரன் ஒருவனிடமிருந்து வாங்கினார். வாங்கியதும் அதைத் தன் முஷ்டியில் இரண்டு சுற்றுச் சுற்றினார். முழங்கை நரம்பு புடைக்க இறுக்கிப் பிடித்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கயிறு பிடிக்கிறவர்கள் ஒருநாளும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள்.

மூன்றாவது மந்திரத்தில் அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக் காமிராவைப் பார்த்துத் திரும்பினார். “முத்து மூழ்கினால் மூழ்கட்டும். என் குடிமகன்...” என்று தொடங்கி, அடுத்த சொல் வராமல் நின்றார். ஒரு விரலைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். காமிரா நிற்கவில்லை.

ஆறாவது மந்திரத்தில் கயிறு ஒரு முறை சுண்டியது.

ஒரே ஒரு முறை. கரையிலிருந்து அதைப் பார்த்தது டெல்பின் மட்டும்தான். கயிறு தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு துளி தெறித்து விழுந்தது. ராஜாவின் கையும் அதை உணர்ந்தது. அவர் முகம் உணர்ச்சியில் மலர்ந்தது. ஒரு குடிமகனின் உயிர் தன் கையில் துடிக்கிறது என்று நினைத்தவர் போலக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி, காலை ஊன்றி, முன்னிலும் இறுக்கமாகப் பிடித்தார்.

“கயித்தை எளக்குங்க!” என்று டெல்பின் கத்தினாள். “எளக்குங்க! கீழ மாட்டிக்கிட்டாரு! எளக்குங்க!”

அவளைச் சுற்றிப் பதினொரு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ மண்ணை அள்ளி எறிந்தாள். அது டெல்பினின் வாயில் விழுந்தது. துப்பிவிட்டு மறுபடி கத்தினாள். தன் குரல் தனக்கே தனியாகக் கேட்கவில்லை. கயிறு மறுபடி சுண்டியது. ஒரே ஒரு முறை.

ஓடிப் போய் அபிலாஷின் சட்டையைப் பிடித்தாள். “கட் சொல்லச் சொல்லுலே! ஏலே, என் மாப்பிள கீழ மாட்டிக்கிட்டாரு!”

அவன் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனான். “சார்... டெல்பின் அக்கா சொல்றாங்க...”

“டேக் போயிட்டிருக்கு அபிலாஷ்,” என்றது வாக்கி டாக்கி, ரகசியம் பேசுகிற குரலில். “அந்தம்மாவைத் தடுக்காதே. பிரமாதமாப் பண்றாங்க. அப்படியே விடு. ட்ரோன், அவங்க கூடப் போ.”

அபிலாஷின் விரல் பொத்தான் மேல் நின்றது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

எட்டு. டெல்பின் ஓடினாள். கிழிந்த சேலை காலைச் சுற்றியது. அதை உருவி எறிந்துவிட்டுப் பாவாடையோடு தண்ணீருக்குள் பாய்ந்தாள். தலைக்கு மேல் ட்ரோன் வண்டு போல இரைந்துகொண்டு கூடவே வந்தது. ஒன்பதாவது மந்திரத்தை அவளால் சொல்ல முடியவில்லை. வாயில் உப்புத் தண்ணீர். மனசுக்குள் எண்ணினாள். பின்னால் அழுகை கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. “ஏளா, அவ நெசமாட்டுப் போறாளா!” என்ற இன்பமணியின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

வள்ளத்தை எட்டியபோது பத்து தாண்டியிருந்தது. மேலே ராஜா குனிந்து பார்த்தார். ஒட்டு மீசையில் ஒரு முனை பிய்ந்து தொங்கியது. “என்னாச்சும்மா? ரெண்டு தடவை இழுக்கலையே? ஒரு தடவைதானே...” என்றார். பயந்துபோன பையனின் குரல். அவள் மூச்சை இழுத்துக் கயிற்றைப் பற்றிக்கொண்டு அமிழ்ந்தாள்.

ஆறு வருஷத்தில் அவள் கீழே போனதில்லை. காது அடைத்தது. வெளிச்சம் பச்சையாகி, பிறகு சாம்பலானது. கை மாற்றிக் கை மாற்றிக் கயிற்றோடு இறங்கினாள். விறைப்பாக இருந்த கயிறு திடீரென்று அவள் பிடிக்குள் உயிர் பெற்றது போல மேலே ஓடத் தொடங்கியது. மேலே ராஜா இழுக்க ஆரம்பித்துவிட்டார். பலமாக, வேகமாக இழுத்தார். கனமே இல்லாமல் கயிறு சரசரவென்று உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போயிற்று. கடைசியாக அதன் நுனி அவள் விரல்களைத் தொட்டது.

அறுந்த நுனி இல்லை. இடுப்பு முடிச்சு பொறுமையாக அவிழ்க்கப்பட்டிருந்தது. கயிறு இளகாததால் குனிய முடியாதவன், காலில் மாட்டிய சங்கிலியை எடுக்கச் செய்கிற காரியம்.

அவள் கயிற்றை விட்டாள். அது தனியாக, வெறுமையாக மேலே போயிற்று. காலடியில் சேறு கிளம்பிப் புகை போலப் பரவிக்கொண்டிருந்தது. அதற்குள் எங்கேயோ இரும்பு பாறையில் உரசியது. டெல்பின் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு அந்தப் புகைக்குள் இறங்கினாள்.