ஜெர்வின் படம்பிடிக்காத பச்சை

கோவில்பதாகையில் தனியாக வாடகைக்கு இருக்கும் ஜெர்வின் எடுத்த படத்தில் ஆட்கள் இல்லை, கதை இல்லை, நிறங்கள் மட்டுமே. கடைசியில் அரை நிமிடம் ஒரு சிவப்பு வட்டம், பிறகு வெறும் வெள்ளைத் திரை. சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் சிவப்பை உணரும் பகுதி களைத்துவிடும். அதனால் வெள்ளை வந்ததும், திரையில் இல்லாத ஒரு பச்சை வட்டம் தெரியும். படத்தின் உயிரே அதுதான். அவன் கண்ணுக்கு அந்தப் பச்சை தெரிந்தது. ஆனால் எதிர்பார்த்துப் பார்ப்பவனின் கண்ணை நம்ப முடியாதே! நண்பர்களுக்கு அனுப்பினான். எல்லோரும் சிவப்பு வட்டத்தில் நிற்காமல் ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பர்" என்று பதில் போட்டார்கள்.

ஞாயிறு காலை தண்ணீர் கேன் போட வந்த தணிகாசலத்தை உட்காரவைத்து, படத்தின் கடைசிப் பகுதியை ஓட்டினான்.

"வட்டத்து நடுவுலயே பாருங்கண்ணே. கண்ணை அசைக்காதீங்க."

"இன்னா சார், கண்ணாடி கடையா வச்சிக்கீற?" என்று சிரித்தாலும் அசையாமல் பார்த்தார். திரை வெளுத்தது.

"படம் பூட்ச்சா? இரு சார்... பச்சையா ஒண்ணு கீதே!"

ஜெர்வின் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தணிகாசலம் சுவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "பாக்குற எடமெல்லாம் கூடவே வருது!" காலி கேனோடு படியிறங்கியவர் கீழிருந்து கத்தினார்: "இன்னும் கீது சார்!"

ஜெர்வின் திரையைப் பார்த்தான். அதுவரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், அவனுக்கு அது வெறும் வெள்ளையாகவே இருந்தது.