மார்ச்சா, செப்டம்பரா

1

இந்தக் கதை ஒரு கையேட்டிலிருந்து தப்பித்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பயண முகவர் அலுவலகத்தில், 'பாலைவன சஃபாரிக்கு எந்த மாதம் போகலாம்?' என்று பன்னிரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். கடல் கடந்த ஏதோ ஒரு பாலைவன நாடு; அதை நான் பார்த்ததில்லை. ஒன்றைப் பார்த்ததில்லை என்பது என் தொழிலில் பெரிய தடையாக இருந்ததும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் எழுதிவிட்டேன்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

'ஆகஸ்ட் மாதத்தின் கொளுத்தும் வெயிலில், வியர்வை வழிய வழிய, மணல்மேட்டின் உச்சியில் நின்று—'

கவுண்டரில் இருந்த அம்மாள் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"ஆகஸ்ட்ல அங்க குளிர்காலம் சார். காலையில வண்டியில ஏறினா பல்லு தந்தியடிக்கும். ரெண்டு ஸ்வெட்டர் போட்டு, மேல போர்வையும் போத்திக்கிட்டுப் போவாங்க."

பூமியின் கீழ்ப்பாதியில் பருவங்கள் தலைகீழ் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதிய கையோடு மறந்தும் இருக்கிறேன். அவர் சிரித்திருந்தால் ரோஷத்தில் திருத்திக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார். "ஒரு வாரம் இங்க உக்காந்து கேளுங்க. அப்புறம் எழுதுங்க."

உட்கார்ந்தேன். கையேடு இன்னும் முடியவில்லை. அதற்கு முன்னால் இது வந்து நிற்கிறது.

2

அவரை அறிமுகம் செய்ய மூன்று விதமாக முயன்றேன்.

'ஐம்பது வயதைத் தாண்டிய, கண்ணாடி அணிந்த' — வேண்டாம். கண்ணாடி அணிந்தவர்கள் ஊரில் பாதிப் பேர்.

'பாலைவனத்தின் மௌனத்தைத் தன் கண்களில்' — இதை நான்தான் எழுதினேன் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது, நான் கண்ணால் பார்த்தது. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பஞ்சாங்கம். அது அவருக்கும் தெரியும். செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடி, ஏசி சொட்டும் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி, கண்ணாடி மேசை. அந்தக் கண்ணாடிக்கு அடியில் அவர் கையால் கட்டம் போட்ட பன்னிரண்டு மாதங்கள். எந்த மாதத்தில் எந்த ஆறு வற்றும், யானை எப்போது எந்தப் பக்கம் நடக்கும், எப்போது கொசு, எப்போது புழுதி, எல்லாம் பொடி எழுத்தில் இருக்கின்றன. அவர் அதைக் குனிந்து பார்த்து நான் பார்க்கவில்லை.

நான்கு முறை அந்த நாட்டுக்குப் போயிருக்கிறார். நான்கும் ஆள் போகாத மாதங்கள்.* அக்டோபரில் வெந்திருக்கிறார். ஜனவரி மழையில் சேற்றில் சிக்கிய வண்டிக்குள் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

"நல்ல மாசத்தப் பத்தி எல்லாரும் சொல்லிடுவாங்க. மோசம்னு சொல்றத நான் போய்ப் பாத்துட்டு வந்தாதானே இன்னொருத்தர்கிட்ட சொல்ல முடியும்?"

நான் அசந்துபோனேன். இதை அடக்கி எழுதத்தான் வேண்டும், ஆனாலும் அசந்துபோனேன். பார்க்காமலே எழுதுகிறவனுக்குப் பக்கத்து நாற்காலியில் இப்படி ஒரு பெண்மணி.

* இந்த இடத்தில் ஒரு புள்ளிவிவரம் போட இருந்தேன். என்னிடம் புள்ளிவிவரம் ஏதும் இல்லை.

3

செவ்வாய்க்கிழமை காலை ஒரு தம்பதி வந்தார்கள்.

கணவர் மிருகக்காட்சிசாலையில் பராமரிப்பாளர். அந்தப் பாலைவன நாட்டு மான் இனம் ஒன்றை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். முகத்தில் கறுப்புப் பட்டை, தலையில் வளைவே இல்லாத இரண்டு நீளக் கொம்பு. மிருகக்காட்சிசாலையில் வேலை செய்கிறவர்கள் அந்த இனத்துக்கு ஈட்டிக்கொம்பு என்று பேர் வைத்திருக்கிறார்கள். அவருடைய மனைவி நகரப் பேருந்தில் நடத்துனர். டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கட்டைவிரல் காய்த்திருக்கிறது. இருவருக்கும் சேர்ந்தாற்போல ஒன்பது நாள் விடுப்பு கிடைக்கும், ஒரே ஒரு தடவை. இன்னொரு பயணத்துக்கு வழியில்லை.

(கணவருக்கு ஓர் இருமல் கொடுத்திருந்தேன், வாசகர் இரக்கப்படட்டும் என்று. அவர் நன்றாகத்தான் இருந்தார். எடுத்துவிட்டேன்.)

"எந்த மாசம் போனா நல்லா பாக்கலாம் மேடம்?" என்று நடத்துனர் அம்மாள் கேட்டார்.

"செப்டம்பர்ல ஒண்ணு ரெண்டு குட்டையத் தவிர எங்கயும் தண்ணி இருக்காது. நீர்க்குட்டைகிட்ட வண்டிய நிறுத்திட்டு சும்மா உக்காந்திருந்தா போதும். யானை, வரிக்குதிரை, உங்க மானு, எல்லாம் தாகத்துல தானா வரும். புழுதியும் வெயிலும் கொஞ்ச நஞ்சமில்ல. ஆனா ஒண்ணும் பாக்காம திரும்பினேன்னு எங்கிட்ட யாரும் வந்து சொன்னதில்ல."

"வேற எப்ப போகலாம்?"

"மார்ச். மழை முடியற நேரம். மணலுக்கு மேல புல்லு மொளச்சு, காத்தடிச்சா அலை அலையா சாயும். வானத்த துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். குட்டிங்க ஓடும். ஆனா எல்லா இடத்துலயும் மேய்ச்சல் கிடைக்கறதால எதுவும் குட்டைக்கு வராது, கலைஞ்சு போயிடும். ஒம்பது நாளும் சுத்திட்டு உங்க மான ஒண்ணுகூட பாக்காம வரலாம். மறைக்காம சொல்லிடறேன்."

"அப்ப செப்டம்பர்தான்" என்று அந்த அம்மாள் கைப்பையை மூடினார்.

பஞ்சாங்கம் படிவத்தை எடுக்கவில்லை. "ஒரு கேள்வி கேக்கறேன். எதைப் பாக்காம வந்தா உங்களுக்கு வருத்தம் இருக்காது?"

எல்லாரிடமும் அவர் இதைத்தான் கேட்கிறார். எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்வார்கள். எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறார்கள் என்பது அவர் கணக்கு. எனக்கு இது தோன்றவே தோன்றாது.

அதுவரை வாயைத் திறக்காத பராமரிப்பாளர் சொன்னார்: "தண்ணிக்கு வர்றத பாக்கலேன்னா வருத்தமில்ல. அத தினமும் பாக்கறேன். நாலு மணிக்கு வாளியத் தட்டினா வரும். தட்டலேன்னாலும் வரும். அங்க போயும் தொட்டிகிட்ட உக்காந்திருக்கணும்னா நான் இங்கயே இருந்துக்குவேன். யாரும் கூப்பிடாம, அது பாட்டுக்கு எங்கயோ போயிட்டிருக்குமில்ல, அத ஒரு தடவ பாக்கணும்."

"பாக்கலேன்னா?" என்றார் மனைவி.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் மார்ச் கட்டத்தைப் படிக்கத் தொடங்கினார்.

"பாக்கலேன்னா இவர் ஒரு வருஷத்துக்கு வாயத் திறக்க மாட்டார் மேடம். அந்த வீட்ல நான்ல இருக்கணும்."

"மார்ச்ல ரெண்டு பேருக்குத்தான் இடம் காலியா இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன். பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார் பஞ்சாங்கம். எது நல்லது என்று கடைசிவரை சொல்லவில்லை.

4

இங்கே ஒரு தப்பு செய்தேன். நடத்துனர் அம்மாளை நச்சரிப்புக்காரியாக எழுதிவிட்டேன். கதைக்கு ஒரு முட்டுக்கட்டை தேவைப்பட்டது, அவர் கைக்கு வாகாக இருந்தார். 'எதிலும் உறுதியான லாபம் பார்க்கும் அவள்' என்றுகூட ஒரு வரி.

புதன்கிழமை பஞ்சாங்கம் அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இவங்களுக்கு ஏன் சார் வில்லி வேஷம்? பயந்துபோனவங்கள பிடிவாதக்காரின்னு எழுதியிருக்கீங்க."

செவ்வாயன்று மாடிப்படி இறங்கும்போது அந்த அம்மாள் பஞ்சாங்கத்திடம் சொன்னதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன்னால் ஈட்டிக்கொம்பு ஈன்ற குட்டி ஒன்று நான்காம் நாள் செத்துப்போயிருக்கிறது. பராமரிப்பாளர் ஐந்து மாதம் வீட்டில் பேசவில்லை. வேலைக்குப் போவார், வருவார், தட்டைக் கழுவி வைப்பார். அந்த அம்மாள் பேருந்தில் நாள் முழுக்க ஆயிரம் பேரிடம் கத்திவிட்டு வந்து, வீட்டில் சுவரிடம் பேசியிருக்கிறார். இன்னொரு முறை அப்படி நடந்தால் தாங்கமாட்டேன் என்பதைத்தான் அவர் செப்டம்பர் என்று சொன்னார்.

லாபம் என்ற வரியை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று இங்கே விட்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

இந்தப் பகுதியில் நான் இல்லை. நடத்துனர் அம்மாள் வெள்ளிக்கிழமை பஞ்சாங்கத்திடம் நாலே வரியில் சொன்னதை நீட்டுகிறேன்.

வியாழன் அவருக்கு வார விடுமுறை. கணவருக்குத் தெரியாமல் மிருகக்காட்சிசாலைக்குப் போனார். நாளெல்லாம் டிக்கெட் கொடுக்கிறவர், வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார். இத்தனை வருடத்தில் அங்கே போனதில்லை. "நீ வந்தா எனக்கு வேலை ஓடாது" என்று கணவர் எப்போதோ சொன்னதுதான் காரணம். கம்பிக்கு எதிரே ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். நான்கு மணிக்குக் கணவர் வந்தார். வாளியைத் தட்டும் முன்பே மான் அவர் தோளருகே வந்து நின்றது. தண்ணீர் குடித்த பிறகும் போகவில்லை. அவர் பின்னுக்கு நடந்தே வெளியே வந்தார், கதவைச் சாத்தினார், பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். வீட்டிலும் அவர் இரண்டு முறைதான் இழுப்பார். அங்கே உள்ளே நின்று இழுப்பார். இங்கே வெளியே நின்று.

(பூட்டு என்னுடையது. அந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்: "கதவ சாத்தும்போது அவர் மொகத்தப் பாத்துட்டேன் மேடம். சாத்த மனசில்லாம சாத்தறார்." அந்த முகத்தை நான் எழுத முயன்று—)

வேறு வாசல் வழியாக வெளியேறி வீட்டுக்குப் போனார்.

6

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்கால். நடத்துனர் அம்மாள் சீருடையில் வந்தார், தோளில் தோல்பை. பேருந்தின் இரண்டு நடைக்கு நடுவில் பத்து நிமிட இடைவெளி.

"மார்ச் போட்டுடுங்க மேடம்."

"சார்கிட்ட கேட்டுட்டீங்களா?"

"அவர் செப்டம்பர்னு சொல்லிட்டார். நேத்து சாப்பிடறப்ப. எனக்காகத்தான். எனக்குத் தெரியாதா?"

"ஒண்ணும் பாக்காம வந்தா?"

அந்த அம்மாள் தோல்பையைச் சரிசெய்துகொண்டார். "ஒரு வருஷம் பேசாம இருக்கட்டும். நான் பேசிக்கறேன்."

பஞ்சாங்கம் படிவத்தை நிரப்பினார். நான் வாளியில் ஏசி தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கும் பார்க்க முடியாதபடி கண் கலங்கியிருந்தது. இவர்களைப் போன்றவர்கள் உலகத்தில் இருக்கும்போது நான் எதற்குப் பாத்திரங்களைக் கற்பனை செய்துகொண்டிருக்கிறேன்?

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. ஒன்பதாம் நாள் விடியலில், எல்லாரும் நம்பிக்கை இழந்த நேரத்தில், மேட்டின் மேல் ஒற்றை மான். (பின்னணி இசை காதில் விழுகிறதல்லவா? எனக்கும் விழுந்தது. கிழித்தேன்.)

ஆ. பார்க்கவில்லை. திரும்பி வருகிறார்கள். வீட்டில் மௌனம். (சோகமாக முடித்தால் இலக்கியம் என்ற பழக்கதோஷம். கிழித்தேன்.)

இ. அவர்கள் இல்லாத ஒன்பது நாளில் கூண்டிலிருக்கும் மான்— (அந்த மானை விட்டுவிடுகிறேன். அது நன்றாக இருக்கிறது. விசாரித்துவிட்டேன்.)

மூன்றையும் கிழித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதை எழுதும் இன்று மார்ச் மாதம். அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆறாம் நாள்.

8

அனுப்பி வைத்தவர்களை ஆறாம் நாள் அழைத்துப் பேசுவது பஞ்சாங்கத்தின் வழக்கம். முதல் நாள் அழைத்தால் களைப்பு, கடைசி நாள் அழைத்தால் மரியாதைக்குப் பேசுவார்கள் என்பார். சற்றுமுன் அழைத்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னும் பாக்கல மேடம்" என்றார் நடத்துனர் அம்மாள். காற்று இரைச்சல். "நெருப்புக்கோழி ஏழு, நரி ஒண்ணு. அவர் மானு மட்டும் இல்ல."

பஞ்சாங்கம் மேசைக் கண்ணாடியை விரலால் துடைத்தார். அங்கே அழுக்கு எதுவும் இல்லை. "சார் எப்படி இருக்கார்?"

"வண்டியில இல்ல. கீழ எறங்கி மண்ணுல உக்காந்திருக்கார். டிரைவர் ஏறச் சொல்லி கூப்பிட்டுக்கிட்டே இருக்கார், இவர் காதுலயே விழல."

"ஏன், என்னாச்சு?"

"புழுக்கையக் கையில வச்சுக்கிட்டு இருக்கார். இருவத்திரண்டு வருஷம் அள்ளின கை இல்லையா, பாத்ததும் ஈட்டிக்கொம்புதான்னுட்டார். இருங்க, போனப் பிடுங்கறார்."

அந்த மனிதரின் குரல் மூச்சு வாங்கியது. "மேடம், இதுல விதை இருக்கு. காட்டுத் தர்பூசணி விதை. உடைச்சுப் பாத்துட்டேன். நாங்க போடற தீவனத்துல இதெல்லாம் கிடையாது. இத நான் போடல மேடம். யாரும் போடல. அதுவே தேடித் தின்னிருக்கு. இன்னும் காயக்கூட இல்ல." பிறகு புல்லைப் பற்றிச் சொன்னார், அது எந்தெந்தப் புல்லைக் கடித்திருக்கிறது, எதைக் கடிக்காமல் விட்டிருக்கிறது, நடந்துகொண்டே மென்றதா, நின்று மென்றதா என்று. பஞ்சாங்கம் எல்லாவற்றையும் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டார்.

போன் மறுபடி அந்த அம்மாள் கைக்குப் போனது.

"வைக்கிறேன் மேடம். ஆறு நாளா இவர் வாய் மூடல. நான் பக்கத்துல இருக்கணும்."

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. புல் இடுப்பளவு உயரம், மான் அந்த வழியே போய் அதிக நேரம் ஆகவில்லை. அவர்கள் கண்ணில் படுமா படாதா என்ற கேள்வியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு பேரும் அதன் பதிலுக்காகக் காத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.