ரேணிகுண்டாவில் ஒரு தலையணை

1
ஒரு பொய்யோடு தொடங்குகிறேன். 1960இல் ரேணிகுண்டாவில் விமான நிலையம் கிடையாது. ஆனால் அதே ஆண்டில் வரைபடத்தில் கோடு போட்டு, மெட்ராஸ் ராஜ்யத்திலிருந்த சத்தியவேட்டை ஆந்திராவுக்குத் தூக்கிக் கொடுக்க முடியும்போது, நான் ஒரு விமானக் கம்பெனி தொடங்கக் கூடாதா? தொடங்கிவிட்டேன்.

2
திருமலை உச்சியில் இளங்கதிர் பொன்னை வாரி—

(வேண்டாம். நோயாளியை நிற்கவைத்துக்கொண்டு வர்ணனை எதற்கு?)

சத்தியவேட்டு தாட்சாயணியின் கணவர் நாகபூஷணத்துக்கு இருதயம் பழுது, ஆயாசம் வேறு. ஐதராபாத்தில் ஆபரேஷன் செய்தால் பிழைப்பார். ரயில் தாங்காது என்பதால் விமானம்.

3
கவுண்டரில் சிவசங்கரன், மெட்ராஸ்காரர். (அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். கதை ரொம்பச் சுலபமாகிவிட்டது.) தாட்சாயணி தெலுங்கில் ஆரம்பிக்க, தமிழிலேயே பேசலாமே என்று உபசரித்தார். வினை அங்கேதான்.

"இவருக்கு ரொம்ப ஆயாசங்க. மேல போனா ஜாஸ்தியாவும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு."

"ஆயாசம்தானேம்மா? ஏறினதும் தூங்கச் சொல்லுங்க. தலையணை தரச் சொல்றேன்."

[அடிக்குறிப்பு: மெட்ராஸில் ஆயாசம் என்றால் களைப்பு. தெலுங்கில் மூச்சுத்திணறல், சித்தூர் டாக்டர் சொன்னது அதைத்தான். தாட்சாயணிக்குத் தமிழில் 'மூச்சு' தெரியாமல் இல்லை. நோயின் பேரை மாற்றிச் சொன்னால் வைத்தியமும் மாறிவிடும் என்று பயம். எல்லையைத் தீர்த்தவர்கள் இந்தச் சொல் எந்தப் பக்கம் என்று மட்டும் தீர்க்கவில்லை.]

4
விமானம் மேலேறியது. நாகபூஷணத்தின் உதடு நீலம் பூத்தது. தாட்சாயணி பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, ஆயாசம், ஆயாசம் என்றாள். அந்தப் பெண்ணும் மெட்ராஸ். உடனே தலையணை வந்தது, கம்பெனி பேர் பின்னிய உறையோடு. ஆக்சிஜன் சிலிண்டர் கடைசி வரிசையில் சொகுசாகப் பயணம் செய்துகொண்டிருந்தது.

5
முடிவு அ: பணிப்பெண்ணைக் காளஹஸ்திக்காரியாக மாற்றலாம். சொல் புரியும், சிலிண்டர் வரும், எல்லோரும் கைதட்டுவோம்.

முடிவு ஆ: கம்பெனியின் அறிக்கை. "பயணி நோயை முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. ஆயினும் தலையணை வழங்கப்பட்டது." என்ன பொறுப்புணர்ச்சி! அவள் இரண்டு முறை சொன்னாள் ஐயா.

முடிவு இ: நான் எழுதப்போவதில்லை. இரண்டாம் பகுதியிலேயே அவருக்கு ஆயாசம் என்று உங்களிடமும் சொன்னேன். களைப்பு என்றுதானே படித்துக்கொண்டு போனீர்கள்?

தாட்சாயணி தலையணையைக் கீழே தள்ளிவிட்டாள். சொல்லை நம்பிப் பயனில்லை என்று தெரிந்து, கணவரைப் போலவே வாயைத் திறந்து, மூச்சை இழுத்து இழுத்துக் காட்டுகிறாள். உங்களைப் பார்த்துத்தான் காட்டுகிறாள். நீங்கள் கடைசி வரிசையில் இருக்கிறீர்கள்.