டெஸ்ஸா சொன்ன தொகை

எங்கள் மகள் டெஸ்ஸாவை இரண்டு வருட விவசாய வணிகப் படிப்புக்கு அனுப்பியது நான்தான். நான் வளர்த்த சினைக் கிடாரிகளை விற்றுக் கட்டணம் கட்டியதும் நான்தான். ஆகவே அந்தப் படிப்பைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என் கணவர் கர்ட்டோ குறை சொல்லாத நாளே கிடையாது.

"ஜனெல், உன் மாடுங்களை வித்தியே, பதிலுக்கு என்ன வந்துச்சு?" என்பார், காலையில் முட்டையைக் குத்திக்கொண்டே.

"படிச்ச பொண்ணு ஒருத்தி வந்துருக்கா. பத்தாதா?"

"பொண்ணு முன்னாடியே இருந்தாளே!"

தானியக் கிடங்கில் காலைக் காப்பிக்குக் கூடும் ஆண்களுக்கும் இதே பேச்சுதான். எங்கள் வடக்கு வேலிக்கு அப்பால் விவசாயம் செய்யும் டேல் ஹோல்ஸ்ட் ஒருநாள் என் காதுபடவே கேட்டார். "மக்காச்சோளம் போட டிகிரி எதுக்கும்மா? விதை மேல முளைக்குமா கீழ முளைக்குமான்னு சொல்லித் தர்றாங்களா?" நெப்ராஸ்கா முழுக்கத் தேடினாலும் அந்த ஆளைப் போல வாய்க்கொழுப்புப் பிடித்தவர் கிடைக்க மாட்டார்.

ஆனால் கர்ட்டின் கேள்வியை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கட்டணம் மட்டுமா செலவு? அவள் இல்லாத இரண்டு அறுவடைக்கும் கூலிக்கு ஆள் வைத்தோம். வரவு என்று விரல் நீட்டிக் காட்ட ஒன்றும் இல்லை. படித்து வந்தவள் "இந்த டிராக்டர் இப்ப வேணாம்ப்பா", "சோளம் மொத்தத்துக்கும் இப்பவே விலை பேசி முடிக்க வேணாம்ப்பா" என்று எதையாவது தடுத்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள்ளவா இவ்வளவு பணம் கொட்டினோம் என்று எனக்கே சில நாள் தோன்றியது.

அந்தக் குளிர்காலத்தில்தான் பிளாஹா குடும்பத்தின் எண்பது ஏக்கர் ஏலத்துக்கு வந்தது. எங்கள் கிழக்கு வேலியை ஒட்டிய நிலம். கல்யாணமான நாளிலிருந்து கர்ட் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறார். வேலியோர நிலத்தை இன்னொருவன் வாங்க விடுவது எங்கள் ஊரில் மானப் பிரச்சினை. ஆனால் கடன் கொடுக்க வங்கிக்காரர் எங்கள் வீட்டையும் அது நிற்கும் நிலத்தையும் அடமானமாகக் கேட்டார்.

டெஸ்ஸா மடிக்கணினியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏக்கருக்கு எட்டாயிரத்து அறுநூறு டாலர்ப்பா. அதுக்கு மேல போனா, சோளம் விலை இறங்குன உடனே தவணை கட்ட முடியாது. போறது அந்த நிலம் மட்டும் இல்ல. இந்த வீடும் சேர்ந்து போகும்."

"டேல் அதுக்கு மேல கேட்டான்னா?"

"கேக்கட்டும்."

"நான் கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"ஆமாப்பா."

கர்ட் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனார். சரி என்று சொல்லவே இல்லை.

ஏலம் தேவாலயக் கூடத்தில் நடந்தது. மூலையில் பெண்கள் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியும் காப்பியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் வாங்க வந்தவர்கள் இல்லை. யார் கை எதுவரை உயர்கிறது என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள். நாங்கள் மூவரும் நடுவரிசையில் உட்கார்ந்தோம். விலை ஏற ஏற ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எட்டாயிரத்து அறுநூறுக்கு கர்ட் கை தூக்கினார். முன்வரிசையில் டேல் நூறு டாலர் ஏற்றினார்.

ஏலக்காரரின் உதவியாள், பெரிய தொப்பி போட்டவன், கர்ட்டின் முகத்துக்கு நேரே வந்து குனிந்தான். "இன்னும் நூறு போடுங்கண்ணே! உங்க வேலியோர நிலம்! நாளைக்கு அதுல இன்னொருத்தன் உழுதா உங்களுக்கு வயிறு எரியாது?"

கர்ட்டின் கை முழங்காலை விட்டு எழும்பியது. வீடு போய்விடும் என்று தெரிந்தும், அவர் தூக்கிவிட மாட்டாரா என்று என் மனசும் ஒரு கணம் துடித்தது. டெஸ்ஸா அவர் கையைப் பிடிக்கவில்லை.

"உங்க இஷ்டம்ப்பா. ஆனா கணக்கு மாறாது" என்று மட்டும் சொன்னாள்.

டேல் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "என்னப்பா கர்ட், பொண்ணுகிட்ட உத்தரவு கேக்குறியா?"

கூடமே சிரித்தது. என் கணவரை எனக்குத் தெரியாதா? இதில் பாதிச் சிரிப்புக்கே வீம்புக்கு எதையாவது வாங்கிவிட்டு வந்து நிற்கிற ஆள். கர்ட் எழுந்து நின்றார்.

"ஆமா டேல், கேக்குறேன். இதுக்குத்தானே ரெண்டு வருஷம் படிக்க வெச்சேன்! அவ வேணாங்கிறா. நிலம் உனக்கு. நல்லா விளையட்டும்."

படிக்க வைத்தாராம்! வேறு நாளாக இருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. இரண்டு பேரில் யாரை நினைத்து அதிகம் பெருமைப்பட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்தத் தடவை கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஏலக்காரர் சுத்தியலைத் தட்டி நிலம் டேலுக்கு என்று முடித்தார்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் டெஸ்ஸா உடைந்து அழுதாள்.

"எனக்கும் அந்த நிலம் வேணும்ப்பா. அதுல இருக்கற மேட்டுலதான் எனக்குன்னு ஒரு வீடு கட்டணும்னு நெனச்சிருந்தேன்."

எங்களிடம் அதை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன் ஆசைக்கு எதிராகவே கணக்குப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கர்ட் வண்டியைக் கிளப்பினார், பிறகு நிறுத்தினார்.

"அடுத்த தடவை நிலம் வந்தா நீயே கையைத் தூக்கு. நான் பக்கத்துல சும்மா உக்காந்துக்கறேன்."

"உங்களால சும்மா உக்கார முடியாதுப்பா" என்றாள், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"முடியும். இன்னிக்குத்தான் பழகிக்கிட்டேன்."